நேரடிப் பார்வை

தாகமாக இருந்தது. தண்ணீர் காலடியில்தான் இருந்தது. மேஜைக்குக் கீழே, கைப்பைக்குப் பின்னால், நீலநிற பிளாஸ்க்கில், காலையில் நிரப்பியது நிரப்பியபடியே. குனிந்து எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பக் கீழே வைக்க எவ்வளவு நேரமாகிவிடும். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சின்னம்மா போனைப் பார்த்துவிட்டால்? பிளாஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாக வெங்காயம் உரிக்கப் போய்விட்டால்? பானுரேகா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி, காமிரா இருந்தது. அதன் ஓரத்தில் கடுகளவு சிவப்பு வெளிச்சம். பார்த்திருப்பாள். மேஜையைத் துடைக்கிற சாக்கில் பிளாஸ்க்கை எடுத்துக் கீழே வைத்தபிறகு காலை டீயும் வந்து போய்விட்டது. டீயைக்கூட அவள் வாங்கவில்லை, கப் ஏதாவது பிளாஸ்க் மாதிரித் தெரிந்துவிடப் போகிறதென்று. மேஜை மேல் இப்போது கணினியும், காமிராவைப் பார்த்துத் திருப்பி வைத்த பெயர்ப்பலகையும்தான். பானுரேகா, திருப்பூர். இவ்வளவு நேரத்தில் சின்னம்மா கட்டாயம் பார்த்திருப்பாள். பார்த்தவள் பணத்தை எடுத்திருப்பாள். அவள் விஷயத்தில் பார்ப்பதும் எடுப்பதும் ஒரே வேலை. தள்ளிப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, தள்ளிப் போட்டிருந்தால் முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்திருக்க முடியாது. எடுத்திருப்பாள். எடுத்திருக்க வேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் ஊர் போடுவது 'பளிங்கு' கம்பெனியின் வழக்கம். கிரிப்டோ நாணயம் வாங்கவும் விற்கவும் சந்தை நடத்துகிற கம்பெனி. வடக்கே இதே மாதிரி ஒரு சந்தை ராத்திரியோடு ராத்திரியாக மூடிக்கொண்டு போனபிறகு, பளிங்கின் வாடிக்கையாளர்களும் போன்மேல் போன் போட்டு எங்கள் காசு இருக்கிறதா இருக்கிறதா என்று கேட்டார்கள். முதலில் கம்பெனி இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, இதோ எல்லோருடைய நாணயமும் சேர்ந்து கிடக்கிற பெட்டி, இதுதான் அதன் முகவரி, இதுதான் இருப்பு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போட்டது. முகவரி என்பது எழுத்தும் எண்ணும் குழம்பிய நீண்ட வால். அதைப் பார்த்து யாருக்கும் தைரியம் வரவில்லை. பிறகுதான் முதலாளிக்கு அந்த யோசனை தோன்றியதாம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவரை வேலைக்கு எடுப்பது, அவர் சொந்தபந்தத்தையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துவிடுவது, அவரைக் கோயம்புத்தூர் ஆபீஸில் கண்ணாடிக் கூடத்தில் காமிராவுக்கு நேரே உட்காரவைப்பது. 'நேரடிப் பார்வை' என்ற பொத்தானைத் தொட்டால் உங்கள் ஊர் ஆள் உங்கள் கண் முன்னால் வேலை செய்துகொண்டிருப்பார். பொள்ளாச்சிக்காரர்கள் பொள்ளாச்சியைப் பார்த்தார்கள், ஈரோட்டுக்காரர்கள் ஈரோட்டைப் பார்த்தார்கள். போன்கள் நின்றுபோயின. பெட்டியைப் பார்த்து வராத நம்பிக்கை, தெரிந்த முகம் ஒன்று கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் வந்துவிட்டது. அதில் தப்பென்ன என்று பானுரேகாவும் அப்போது நினைத்தாள். வங்கியில் மட்டும் நாம் என்னத்தைப் பார்த்துவிட்டோம்? கம்பிக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைத்தானே.

சின்னம்மா ருக்குமணி அவ்வளவு லேசில் விழவில்லை. அவளுடைய பி.எஃப். பணம் வந்து வங்கியில் கிடந்த சமயம். பானுரேகா பெட்டியின் கதையை விளக்கியபோது கவனமாகக் கேட்டுவிட்டு, பெட்டி தெரியுது, சரி, சாவி எவன் மடியில இருக்குது என்றாள். சாவி யாரிடம் என்று பானுரேகாவுக்கு இன்றைக்கும் தெரியாது. நேரடிப் பார்வை வந்தபிறகுதான் சின்னம்மா இறங்கி வந்தாள். கண்ணால் பார்க்கிறதை அவள் நம்புவாள். மேஜைக்கு அடியில் விளக்கெரிய, பனியன் துணி அந்த வெளிச்சத்தின் மேல் ஓட, ஓடுகிற வேகத்திலேயே ஓர் இழை விட்டுப்போனதைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற கண் அது. பணத்தைப் போட்ட அன்றைக்கு அவளேதான் பிளாஸ்க்கைக் கொடுத்து ஏற்பாட்டையும் சொன்னாள். வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள், மேஜைக் கணினியில் கம்பெனிப் பக்கத்தைத் தவிர வேறு எதுவும் திறக்காது, பின்னே எப்படி நீ எனக்குச் சொல்வாய். "இது மேஜை மேல இருந்தா நான் என்ற சோலியப் பாக்கறேன் அம்மிணி. இல்லீன்னா அன்னைக்கே வழிச்சு எடுத்துப்போடுவேன். நீ வாயைத் தொறக்க வேண்டியதில்லை." விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனாலும் அதிலிருந்து அவள் போன் சமையலறை மேடையில் மிக்ஸி மேல் சாய்ந்தபடி நாள் முழுக்கக் கிடந்தது. சாயங்காலம் பேசும்போது, இன்னைக்கு ஏன் மூஞ்சி தொங்கிப்போய்க் கிடந்தது என்பாள், அந்த ஈரோட்டுப் பையன் எந்நேரமும் மூக்கைக் குடைகிறானே, யாரும் சொல்ல மாட்டீர்களா என்பாள். பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளை கண்ணெதிரே உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி அவளுக்கு. பணம் போட்டதே அதற்காகத்தானோ என்றுகூடப் பானுரேகா சில சமயம் நினைத்ததுண்டு. நினைத்து, அந்த நினைப்பை மடித்து வைத்துவிட்டாள். ஆள் சேர்த்தால் கம்பெனி ஊக்கத்தொகை கொடுத்தது.

அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. பெட்டியின் இருப்பைக் காட்டுகிற நீண்ட எண்ணின் கடைசி மூன்று இலக்கம் போன வெள்ளிக்கிழமை நானூற்றுப் பதினேழாக இருந்தது. சின்னம்மா வீட்டுக் கதவிலக்கம். அட என்று மனசுக்குள் சிரித்துவிட்டு மறந்துபோனாள். இன்றைக்குப் புதன்கிழமை. காலையில் கணினியைத் திறந்ததும் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. நானூற்றுப் பதினேழு. புதுப்பித்துப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு. பகலென்றும் இரவென்றும் இல்லாமல் ஆயிரம் பேர் வாங்கி விற்கிற இடத்தில் அந்த எண்ணின் வால் எறும்புப் புற்று மாதிரி ஓயாமல் அசைந்துகொண்டேயிருக்க வேண்டும். அது அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடியில்லை, முகம் மட்டும் தூங்குகிற மாதிரி இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தின் மேலாளர் பிரதாப் வந்து நடுவில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற முகத்தோடு பேசினான். இன்று பணம் எடுக்கிறவர்களுக்குச் சின்னத் தொகை மட்டும் போகும், பெரிய தொகை கேட்டால் வரிசையில் இருக்கிறது என்று சொல்லவும், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பராமரிப்பு, எல்லாம் நிறுத்திவைக்கப்படும், யாரும் இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டாம், சாதாரணமாக இருங்கள். எவ்வளவு நேரம் பராமரிப்பு என்று பக்கத்து இருக்கை ஜெசிந்தா கேட்டாள். மேடம், பல்லு வலின்னு போனா டாக்டர் டயம் சொல்லிட்டா பிடுங்கறார் என்று பிரதாப் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பானுரேகாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் துடைக்கிற துணியை எடுத்தாள்.

பராமரிப்பு. அந்த வார்த்தையை அவள் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள். படித்து முடித்ததும் முதலில் வேலைக்குப் போன நகைக்கடையில் சேமிப்புத் திட்டம் இருந்தது. மாதாமாதம் கட்டி வருஷக் கடைசியில் நகை. மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பராமரிப்பு என்று சொல்லிக் கடைக்குப் புது வர்ணம் அடித்தார்கள், பெண்களுக்கெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் புதுச் சேலை கொடுத்தார்கள். வர்ண வாசனையோடுதான் அந்தக் கடை போனது. இங்கே சேலையில்லை, வெள்ளை டீ ஷர்ட், மார்பில் பளிங்கு முத்திரை, ஆளுக்கு மூன்று, தினமும் இதைத்தான் போட்டுவர வேண்டும், பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரித் தெரியட்டும் என்று போன வாரத்துக்கு முந்தின வாரம் கொடுத்தார்கள். அதே சமயத்தில்தான் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். வாஸ்து என்றான் பிரதாப். கழற்றிய இடத்தில் வட்டமாக வெளுப்பு. ஜன்னல்களுக்குத் திரை வந்தது, வெயில் காமிராவில் அடிக்கிறதென்று. அதிலிருந்து கூடத்தில் எந்நேரமும் ஒரே நேரம், காலையா மத்தியானமா தெரியாத குழல்விளக்கு வெளிச்சம், கண்ணை மூடித் திறந்தால் எந்த நாளில் உட்கார்ந்திருக்கிறோம் என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வரும். தாகம் இப்போது தொண்டையிலிருந்து காதுக்கு ஏறியிருந்தது. எச்சிலை விழுங்கினாள், விழுங்க ஒன்றுமில்லை. நேற்றுச் சாயங்காலம் சின்னம்மா ஏதோ சொன்னாள், அது முள் மாதிரி எங்கேயோ தங்கியிருக்கிறது. என்ன சொன்னாள்? மத்தியானம் ஜெசிந்தாவோட என்னத்தை அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினே என்றாள். ஆமாம் அதுதான். ஆனால் நேற்று ஜெசிந்தா வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு. நேற்றில்லை சின்னம்மா, முந்தாநாளாயிருக்கும் என்றாள் பானுரேகா. சின்னம்மா விடவில்லை, நான் ரசத்துக்குத் தாளிச்சுட்டே பாத்தேன், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு என்றாள். வயசாகிறது, நாள் குழம்புகிறது என்று இவள் விட்டுவிட்டாள். சின்னம்மாவுக்கு எதுவும் குழம்பியதில்லையே என்று இப்போது தோன்றியது, தோன்றிய உடனே வேறெதையோ நினைக்க வேண்டும் போலவும் இருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் விரல் நகத்தைக் கடித்தபடி யாரிடமோ, வரிசையில் இருக்கிறது சார், வரிசையில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று இந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் மேல் பானுரேகா தன் கைப்பையைக்கூட வைத்திருந்தாள்.

வேறெதையாவது. போன வாரம் எழுதிக் கொடுத்த அறிவிப்பை நினைத்தாள். வாடிக்கையாளர்களுக்குப் போகிற தமிழெல்லாம் அவள் கைதான், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பிரதாப் ஆங்கிலத்தில் கொண்டுவந்து கொடுத்ததைப் படித்து, இப்படி எழுதினால் எங்கள் சின்னம்மாவுக்குப் புரியாது என்று தள்ளிவைத்துவிட்டு, தானே உட்கார்ந்து எழுதினாள். உங்கள் ஊர் ஆளின் குரலில் யாராவது உங்களைக் கூப்பிட்டு, பணத்தை உடனே எடுத்துவிடுங்கள் என்று பதற்றப்படுத்தினால் நம்பாதீர்கள். குரலையும் முகத்தையும் இப்போது இயந்திரத்தில் செய்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு ரகசியத்தைக்கூடச் சொல்வார்கள். பதறாமல் நேரடிப் பார்வையைத் திறந்து பாருங்கள். உங்கள் ஆள் தன் இருக்கையில் இருந்தால், பேசுகிறவர் வேறு யாரோ. நன்றாக வந்திருந்தது. வேறு யாரோ என்று முடித்த இடத்தில் பிரதாப் அவளைத் தட்டிக்கொடுத்தான். சின்னம்மாவும் படித்துவிட்டு, நீதானே எழுதினே, படிக்கறப்பவே தெரிஞ்சுது என்றாள். ஊரில் அப்படி ஏமாந்தவர்கள் உண்டு, பொய்யொன்றும் எழுதவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மைதான் என்று தனக்குள் மறுபடி ஒருமுறை சொல்லிக்கொண்டாள். சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள். பார்க்கிறாயா சின்னம்மா? மேஜை காலியாக இருக்கிறது, பாரேன். பெயர்ப்பலகையை இந்தப் பக்கம் நகர்த்தி, பிளாஸ்க் இருக்கிற இடத்தை இன்னும் வெறுமையாக்கினாள். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றாக, முகத்தை நிமிர்த்தி நேராகக் காமிராவைப் பார்த்தாள். யாராவது பார்க்கும்போது முதுகிலோ கழுத்திலோ ஒரு சின்னச் சூடு தெரியும், இங்கே சேர்ந்ததிலிருந்து அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. இப்போது அது இல்லை. பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டுப் பார்ப்பது போலிருந்தது. வேண்டாத நினைப்பு, தண்ணீர் குடிக்காததால் வருவது. பிரதாப் தன் அறையிலிருந்து அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். வழக்கமாக யாராவது காமிராவை முறைத்தால் ஓடி வருவான்.

சாப்பாட்டுக்குப் பாதிப் பாதிப் பேராகத்தான் விடுவார்கள், அவள் முதல் பாதி. பிளாஸ்க்கைக் கீழேயே விட்டுவிட்டுப் போனாள். காவலாளியிடமிருந்து போனை வாங்கினாள். எடுத்துட்டேன் கண்ணு என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம். வரி இல்லை. எதுவும் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ வதங்குகிற சத்தம், பிறகு சின்னம்மாவின் குரல், யாரு என்று.

"நான்தான் சின்னம்மா. என்னைப் பாக்கவே இல்லீங்களா காத்தாலயிருந்து?"

"பாத்துட்டேதான இருக்கறேன்."

"பின்ன எடுத்துட்டீங்களா?"

சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும். எதை எடுக்கோணும் என்று சின்னம்மா கேட்டாள். குரல் மாறியிருந்தது. பனியன் கம்பெனியில் புதிதாக வந்த பெண்களிடம் இந்தக் குரலில் பேசுவாளாக இருக்கும். பணத்தை, எவ்வளவு போகிறதோ அவ்வளவையாவது, இன்னும் கொஞ்ச நேரம்தான் போகும் என்று பானுரேகா மளமளவென்று சொன்னாள். சொல்லச் சொல்லவே தன் வேகம் தனக்கே கேட்டது, அது பதற்றப்படுத்துகிறவர்களின் வேகம்.

"நீ இப்ப எங்க நிக்கறே அம்மிணி?"

"ஆபீஸ் மாடிப்படியில."

"அப்படியா? என்ற அக்கா புள்ள என்ற கண்ணு முன்னால உக்கோந்து டைப் அடிச்சுட்டிருக்கறா. பக்கத்துலயே பிளாஸ்க் இருக்குது. அப்ப நீ யாரு?"

பானுரேகாவுக்குள் வெள்ளை டீ ஷர்ட், வெளுத்த வட்டம், திரை, நேற்று ஜெசிந்தாவோடு சிரித்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, மடித்த துணி மாதிரி, சத்தமில்லாமல் அடுக்காக உட்கார்ந்தன. அது பழைய படம் சின்னம்மா என்றாள். ஒரு நாள் எடுத்ததையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள், நான் இங்கே நிற்கிறேன், பிளாஸ்க்கைக் காலையிலேயே எடுத்துவிட்டேன் என்றாள். சின்ன வயசில் சின்னம்மா வீட்டு மொட்டை மாடியில் வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட்டதைச் சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாமல் சின்னம்மா அவளுக்குக் கம்மல் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னாள்.

"அதெல்லாங்கூடச் சொல்லுவானுங்கன்னு என்ற புள்ள முன்னாலயே எழுதிப்போட்டுட்டா."

"துணி பாக்கற மாதிரி பாருங்க சின்னம்மா. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும், உங்களுக்குத் தெரியும்."

"முப்பது வருசம் பாத்த கண்ணுக்கு நீ சொல்லித்தர்றியா? குரலு மட்டும் அச்சா அவளேதான். நல்லாப் பண்ணியிருக்கறீங்க." கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். "பயந்துபோன மாதிரி வேற பேசறே. என்ற புள்ள அப்படிப் பயந்தவ இல்லை." போனை வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டாள், அடித்து அடித்து நின்றது, அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை, எண்ணையே தடுத்துவிட்டிருக்கிறாள். புத்திசாலி. ஏமாறாதவள். பஸ் பிடித்துப் போய்க் கதவைத் தட்டலாம்தான், ஆனால் அவிநாசி தாண்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். நானூற்றுப் பதினேழாம் இலக்கக் கதவைத் திறந்து சின்னம்மா இவளையும் மிக்ஸி மேல் இருப்பவளையும் மாறி மாறிப் பார்ப்பாள், கண்ணை இடுக்கிக்கொண்டு, எதில் பழுதென்று. யாருக்கு ஸ்டிக்கர் ஒட்டுவாள் என்று பானுரேகாவால் சொல்ல முடியவில்லை. கீழேயிருந்து காவலாளி, மேடம், போனைக் கொடுத்துட்டு உள்ள போங்க, டயமாகுது என்று குரல் கொடுத்தான். பானுரேகா நேரடிப் பார்வையைத் திறந்தாள். கூடம் நிறைந்திருந்தது. சாப்பிடப் போனவர்களும் போகாதவர்களும் எல்லோரும் அதில் இருந்தார்கள், ஈரோட்டுப் பையன் மூக்கில் கை வைத்திருந்தான், ஜெசிந்தாவின் நாற்காலியில் ஜெசிந்தா இருந்தாள். இந்தப் பக்கத்தில், திருப்பூர் என்ற பலகைக்குப் பின்னால், வெள்ளை டீ ஷர்ட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வகிடு நேராக இருந்தது. முகத்தில் ஒரு கவலையுமில்லை. எதிரே இருப்பவர்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று தெரிந்தவள் மாதிரி நிதானமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில், ஒரே ஒரு நிமிஷம், பானுரேகாவுக்கும் பணம் பத்திரமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. திரையில் அவள் வேலையை நிறுத்தினாள். கையை நீட்டி நீல பிளாஸ்க்கை எடுத்தாள், மூடியைத் திருகினாள், அண்ணாந்து, அவசரமில்லாமல், மடக் மடக்கென்று குடித்தாள்.